வெள்ளிக்கிழமை மூடி

எங்கள் தேயிலைப் பெக்டரியில் பழைய எண்ணெய் பர்னரைக் கழற்றிவிட்டார்கள். இனி விறகு அடுப்புதான். கழற்றிய அன்று இப்போதைய மெஷின் பிட்டர் ரமேஷ் எனக்குப் போன் எடுத்தார்.

"மாமா, பர்னர் பக்கத்துல ஒரு பால்மா டின் மூடி தொங்குது. கம்பி கட்டியிருக்கு. மேல சந்தனம் அடை மாதிரி ஒட்டிக் கெடக்கு. இது மெஷின் சாமானா, சாமி சாமானா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

"தூக்கிப் போட்டுறலாமா?"

"போடாதப்பா."

"ஏன் மாமா?"

போனில் விளக்கிச் சொல்ல எனக்கு வராது. எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினால் கோயில் மலரில் போட்டுவிடுவோம் என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் இதை எழுத வேண்டி வந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் அச்சடிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளட்டும்.

எங்கள் தோட்டம் லிந்துலைப் பக்கம். உயரமான இடம். வெயில் வந்தாலும் குளிரையும் கூட்டிக்கொண்டுதான் வரும். அப்பா ரோலர் அறையில் வேலை செய்தார். நானும் அங்கேயே போனேன். முதலில் மெஷின்களுக்கு எண்ணெய் விடுகிற வேலை. பிறகு பழைய பிட்டருக்குப் பின்னால் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவர் எதையும் சொல்லித் தரமாட்டார். பிழை செய்தால் திட்டுவார். திட்டு குறைந்தபோது வேலை வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அவர் ஓய்வுபெற்றதும் நான் பிட்டர். பயிற்சி அவ்வளவுதான்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என்று யாரையாவது சொல்வதானால் நடராஜா ஐயாவைத்தான் சொல்ல வேண்டும். அவர் ஹட்டனில் இருந்தார். பல தோட்டங்களின் மின்சார வேலைக்கு அவர்தான் இன்ஜினியர். மற்றவர்கள் ஜீப்பில் வருவார்கள். இவர் பஸ்ஸில் வந்து, சந்தியில் இறங்கி, நடந்து வருவார். தலையில் கம்பளித் தொப்பி. கையில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு மீட்டர், ஒரு திருப்புளி, சாப்பாட்டுப் பொட்டலம், ஒரு பிஸ்கட் பாக்கெட்.

வந்தவுடன் மெஷினைத் தொடமாட்டார். ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவார். பால் போடாத பிளேன்டீ கேட்பார். பாதி குடிப்பார். பிறகு ஒரே கேள்வி.

"கெட்டுப் போன அன்னிக்கு என்ன செஞ்சீங்க?"

என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கமாட்டார். நாங்கள் மெஷினைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்துவார். "மெஷின் செஞ்சத நான் பாத்துக்கிறேன். நீங்க செஞ்சதச் சொல்லுங்க. காலையில வந்தீங்க. செருப்ப எங்க கழட்டினீங்க? அங்கேருந்து வாங்க." கேட்டுவிட்டு, சொன்னதையெல்லாம் அதே வரிசையில் திரும்பச் செய்யச் சொல்வார். ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு பார்த்திருப்பார்.

ஒரு மழைக்காலத்தில் கொழுந்து வாட்டுகிற மாடியில் ஒரு காற்றாடி மோட்டர் அடிக்கடி நின்றது. நான் மோட்டரை இரண்டு தடவை பிரித்துப் பூட்டிவிட்டேன். ஒரு குறையும் இல்லை. ஐயா வந்தார். எல்லாரையும் மழை நாள் மாதிரியே வேலை செய்யச் சொன்னார். ஆட்கள் வந்தார்கள். நனைந்த கம்பளிகளை உதறி, காற்றாடிக்குப் பின்னால் இருந்த கம்பி வலையில் வரிசையாகக் காயப் போட்டார்கள். காற்று உள்ளே வர வழியில்லை. மோட்டர் மூச்சுத் திணறி நின்றது. இத்தனை நாளும் அது யார் கண்ணிலும் படவில்லை. கம்பளி காயப் போடுவது வேலையா என்ன?

ஐயா சிரிக்கவில்லை. "மோட்டருக்குக் குளிரல. கம்பளியை எடுங்க" என்றார். மீதிப் பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறப் போய்விட்டார்.

இனி பர்னர் கதை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்து வாடும். ரோலரில் அரைபடும். அரைபட்ட தூள் பரப்பிக் கிடந்து செம்பு நிறத்துக்கு வரும். நிறம் வந்ததும் டிரையருக்குள் போயாக வேண்டும். டிரையர் சூடான காற்றில் அதை உலர்த்தும். காற்றைச் சூடாக்குவது பர்னர். பர்னர் பிடிக்கவில்லை என்றால் தூள் நமக்காகக் காத்திருக்காது. புளித்துப் போகும். அந்தத் தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போனால் எங்கள் தோட்டத்துப் பெயரும் சேர்ந்து புளிக்கும்.

பர்னருக்கு ஒரு கண் உண்டு. சட்டைப் பொத்தான் அளவு. முகப்பில் கண்ணாடி. கண்ணாடிக்குள் செம்மஞ்சள் பூச்சு. பூச்சின் நடுவில் பாம்பு நெளிகிற மாதிரி ஒரு கோடு. வெளிச்சம் பட்டால் அதற்குள் மின்சாரம் ஓடும். இருட்டானால் நிற்கும். பர்னரை முடுக்கியதும் பக்கத்தில் இருக்கிற பெட்டி முதலில் கண்ணை விசாரிக்கும். உள்ளே இருட்டுத்தானே? இருட்டு என்று கண் சொன்னால்தான் எண்ணெயை விடும், பொறி போடும். நெருப்புப் பிடித்ததைக் கண் பார்த்துச் சொன்னால்தான் தொடர்ந்து எண்ணெய் விடும். தொடங்கும் முன்பே வெளிச்சம் என்று கண் சொன்னால், ஏற்கெனவே எங்கேயோ நெருப்பு இருக்கிறது என்று பெட்டி பயந்துகொள்ளும். எண்ணெயை அடைத்துவிடும். சிவப்பு விளக்கைப் போடும். நல்ல ஏற்பாடு. பல பேர் உயிரைக் காப்பாற்றுகிற ஏற்பாடு.

தினமும் காலையில் பர்னரைக் கதவு மாதிரி வெளியே திறப்போம். எண்ணெய் பீச்சுகிற மூக்கைத் துடைப்போம். கண்ணைத் துடைப்போம். மூடுவோம். முடுக்குவோம். வெள்ளிக்கிழமை மட்டும் திறந்த நிலையில் ஒரு பூசை நடக்கும். சந்தனப் பொட்டு, குங்குமம், சூடம். பிறகு மூடி முடுக்குவோம்.

சூடம் காட்டி வந்தவர் சின்னையா அண்ணன். டிரையர் பொறுப்பு அவருக்கு. அவர் ஓய்வுபெற்றபோது தட்டை யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தது. பெக்டரிக்கே பொறுப்பான டீமேக்கர் பண்டார ஐயா சிங்களவர். எங்களோடு பழகிப் பழகித் தமிழ் நன்றாகப் பேசுவார். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "செல்லம்மா காட்டட்டும். அவதான் எல்லாத்தையும் சுத்தமா செய்றது" என்றார். அத்தோடு பேச்சு முடிந்தது.

செல்லம்மா அக்கா எங்கள் லயத்து வீட்டு வரிசையில் அடுத்த காம்பராவில் இருந்தவர். டிரையரிலிருந்து விழுகிற தேயிலையை வாங்கிப் பரப்புவது அவர் வேலை. கணவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. முழங்காலில் வாதம். மலை ஏறிக் கொழுந்து எடுக்க முடியாமல்தான் பெக்டரிக்கு வந்தார். சூடான இடத்தில் நின்றால் முழங்கால் கேட்கும் என்பார்.

அவர் சூடம் காட்டியதைப் பார்க்க வேண்டும். தட்டைப் புளி போட்டு விளக்கியிருப்பார். சூடத்தைச் சின்னதாக வைக்கமாட்டார். பர்னருக்குக் கிட்டே போய், முகத்துக்கு நேராக, அவசரப்படாமல் மூன்று சுற்றுச் சுற்றுவார். கண்ணுக்கு எதிரே ஒரு நிமிடம் நிறுத்துவார். "பாத்துக்க சாமி" என்பார்.

அவர் தட்டை வாங்கிய முதல் வெள்ளிக்கிழமை பர்னர் பிடிக்கவில்லை. சிவப்பு விளக்கு. திரும்ப முடுக்கினேன். திரும்பச் சிவப்பு. கண்ணைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. திரும்பப் போட்டேன். பிடித்துக்கொண்டது. அடுத்த வெள்ளியும் அதே கூத்து. மற்ற நாட்களில் ஒரு தொல்லையும் இல்லை. ஒரு வெள்ளி அதிகம் தாமதமாகி, ஒரு பரப்புத் தூள் புளித்தே போயிற்று. தோட்டத்து மேனேஜர் துரை வந்து கத்திவிட்டுப் போனார்.

மாடியில் கொழுந்து வாட்டுகிற பகுதிக்கு மாடசாமி அண்ணன் பொறுப்பு. கோயில் கமிட்டியிலும் இருந்தார். இந்த மலரை அவரும் படிப்பார். படிக்கட்டும். அவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"சின்னையா காட்டுற வரைக்கும் பிடிச்சிச்சா இல்லையா? இப்ப மட்டும் ஏன் பிடிக்கல? தட்டு யாரு கையில இருக்குன்னு பாருங்கப்பா."

"என்ன சொல்றீங்க?" என்றேன்.

"நான் ஒண்ணும் சொல்லல. பர்னர் சொல்லுது."

பேச்சு லயம் வரைக்கும் போயிற்று. ஒரு வெள்ளி அக்காவுக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. தட்டை மாடசாமி அண்ணன் வாங்கினார். எண்ணெய்க்குப் பக்கத்தில் நெருப்போடு போக அவருக்குப் பயம். வாசலிலேயே நின்று, விரல் நகம் அளவு சூடத்தை அவசரமாக ஆட்டிவிட்டு, "ம், போடு" என்றார். பர்னர் முதல் முடுக்கலிலேயே பிடித்தது.

அதற்குப் பிறகு யார் என்ன சொல்ல முடியும்? ஆட்களெல்லாம் மாடசாமி அண்ணன் பக்கம். தட்டு மட்டும் போதாது, டிரையர் பக்கத்திலேயே அக்கா நிற்கக் கூடாது, திரும்பவும் மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்புங்கள் என்று டீமேக்கரிடம் கேட்டார்கள். பண்டார ஐயாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் புளித்த தூளுக்குத் துரையிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

"ஹட்டன்ல இருந்து ஐயா வரட்டும். அவர் பாத்து மெஷின்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னா, செல்லம்மா மலைக்குப் போகட்டும்" என்றார்.

அன்று மாலை அக்கா காம்பரா வாசலில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உண்மையச் சொல்லு. என்னாலயா?"

"தெரியாதுக்கா" என்றேன். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"சரி. தெரியாதுன்னு சொன்னதும் நீ ஒருத்தன்தான். மத்தவங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றார்.

நடராஜா ஐயா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தார். நல்ல பனிமூட்டம். பெக்டரி ஜன்னல்கள் வழியாகப் பனி உள்ளே நடமாடியது. பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். பிளேன்டீ வந்தது. பாதி குடித்தார்.

"வெள்ளிக்கிழமை என்ன செஞ்சீங்க?"

சொன்னேன். சின்னையா அண்ணன் ஓய்வுபெற்ற வாரத்தில் பர்னரின் கண் வெடித்துப் புதுக் கண் போட்டதையும் சொன்னேன். அவர் அந்தக் கண்ணை வாங்கி மீட்டரில் வைத்தார். வெளிச்சத்தில் முள் ஓடியது. உள்ளங்கையில் பொத்தினார். முள் திரும்பியது. "கண்ணு பாக்குது" என்று கொடுத்துவிட்டார்.

நான் வெள்ளிக்கிழமை மாதிரியே திறந்தேன், துடைத்தேன், மூடினேன், முடுக்கினேன். பிடித்தது. உடனே அணைக்கச் சொன்னார். ஆற விட்டு இன்னொரு தடவை. பிடித்தது. இன்னொரு பிஸ்கட் எடுத்தார்.

"ஏதோ ஒண்ண விட்டுட்டீங்க."

டீமேக்கர் கூரையைப் பார்த்தார். மாடசாமி அண்ணன் தரையைப் பார்த்தார். நான் பர்னரைப் பார்த்தேன்.

மூன்று பேருக்கும் மூன்று காரணம். எண்ணெய் பர்னர் பக்கத்தில் சூடம் கொளுத்த விடுவது சட்டத்துக்கு ஒத்துவராது என்பது டீமேக்கருக்குத் தெரியும். ராசிப் பேச்சை இன்ஜினியர் முன்னால் எடுத்தால் கேலியாகிவிடும் என்று மாடசாமி அண்ணனுக்குக் கூச்சம். எனக்கோ, சூடம் என்று சொன்னால் அடுத்த சொல்லாக அக்காவின் பெயர் வந்துவிடும். அதோடு, பூசையை மெஷின் வேலையில் யார் சேர்ப்பார்கள்? அது சாமிக்குச் செய்வது.

டிரையருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்கா வந்தார். கையில் விளக்குமாறு.

"ஐயா, நான் சூடம் காட்டுறேங்க. அத இவங்க யாரும் சொல்லல."

"எந்தச் சூடம்?"

"வெள்ளிக்கிழமை பூசைக்குங்க. இந்த வாயைத் தொறந்து வச்சிருக்கிறப்ப காட்டுவேன். நான் காட்டினா எரியாதாம். வேற ஆளு காட்டினா எரியுதாம். நான் தாலியறுத்தவங்க. அதான் காரணம்னு சொல்றாங்க. மலைக்கு அனுப்பப் போறாங்க. அனுப்பட்டும். ஆனா என்ன காரணம்னு எனக்கும் தெரியணும்ங்க."

ஐயா பிஸ்கட்டைப் பாக்கெட்டுக்குள் திரும்ப வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"தட்டு எங்கம்மா இருக்கு?"

"அலமாரியிலங்க."

"எடுத்துட்டு வாங்க. வெள்ளிக்கிழமை எப்படிக் காட்டுவீங்களோ அப்படியே காட்டுங்க. ஒண்ணும் கொறைக்காதீங்க."

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைங்களே."

"பர்னருக்குக் கிழமை தெரியாதும்மா."

அக்கா போய் முகம் கழுவி, தட்டோடு வந்தார். பொட்டு வைத்தார். பெரிய கட்டிச் சூடம். மூன்று சுற்று. கண்ணுக்கு எதிரே ஒரு நிமிடம். "பாத்துக்க சாமி."

மூடினேன். முடுக்கினேன். சிவப்பு விளக்கு.

"நான் சொல்லல?" என்றார் மாடசாமி அண்ணன். கூச்சமெல்லாம் போய்விட்டது. "கண்ணால பாத்துக்குங்க ஐயா. நாங்க சும்மா சொல்வோமா?"

"நீங்க காட்டினா எரியும், இல்லீங்களா?" என்றார் ஐயா.

"கட்டாயம் எரியும்ங்க."

"காட்டுங்க."

கண்ணைத் துடைத்து, கொஞ்ச நேரம் விட்டு, பர்னர் ஒழுங்காகப் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு, அணைத்துத் திறந்து ஆற வைத்தோம். மாடசாமி அண்ணன் தட்டோடு வாசலுக்குப் போனார்.

"அங்கேருந்து இல்ல. அந்தம்மா நின்ன எடத்துல நில்லுங்க. அதே அளவு சூடம். அதே மாதிரி மூணு சுத்து."

அவர் எண்ணெய்க் குழாயைப் பார்த்துக்கொண்டே கிட்டே வந்தார். ஆனாலும் மூன்று சுற்றுச் சுற்றினார். கண்ணுக்கு எதிரே நிறுத்தவும் செய்தார். மூடினேன். முடுக்கினேன்.

சிவப்பு விளக்கு.

செல்லம்மா அக்கா மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, வீட்டுல அண்ணி நல்லாத்தானே இருக்காங்க?"

முதலில் சிரித்தவர் டீமேக்கர். பிறகு ரோலர் அறை ஆட்கள். பிறகு எல்லாரும். மாடசாமி அண்ணன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிவப்பு விளக்கையே பார்த்தார். பண்டார ஐயா தட்டை வாங்கி, "நானும் ஒரு சுத்து பாக்குறேன்" என்று தானும் காட்டினார். பர்னர் அவரையும் மதிக்கவில்லை.

ஐயாவும் சிரித்தார். ஆனால் கண் பர்னரின் கண்மேல்தான் இருந்தது. "அந்தக் கண்ண மூட ஏதாவது குடுங்க" என்றார். அக்கா தேத்தண்ணி போடுகிற இடத்திலிருந்து பால்மா டின் மூடியைக் கொண்டுவந்தார். அதைக் கண்ணின் முகத்தில் அழுத்தி வைத்தார் ஐயா. "இப்ப காட்டுங்கம்மா." அக்கா காட்டினார். மூடியை எடுத்தோம், பர்னரை மூடினோம், முடுக்கினோம்.

நெருப்புப் பிடித்துக்கொண்டது.

"சூடத்தைப் பாத்தது கண்ணு. பாத்தத மறக்க மாட்டேங்குது" என்றார் ஐயா.

பிறகு பர்னரை அணைத்து, ஆற விட்டு, கண்ணைக் கழற்றி மீட்டரில் மாட்டினார். அக்காவைக் கிட்டே வரச் சொன்னார். "காரணம் தெரியணும்னீங்களே. பாருங்க." சூடத்தைக் காட்டிவிட்டு மூடியால் மறைத்தார். முள் இருட்டுப் பக்கம் உடனே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. நத்தை மாதிரி நகர்ந்தது. நடுவழியில் நின்று யோசித்தது. பிறகு கொஞ்சம் நகர்ந்தது. அவர் மீதிப் பிளேன்டீ இருந்த கிளாஸில் சுடச்சுட ஊற்றச் சொன்னார். திரும்பச் சூடத்தைக் காட்டி, மறைத்து, கண்ணின் முதுகைச் சுடுகிற கிளாஸோடு சேர்த்துப் பிடித்தார். முள் இருட்டுப் பக்கம் ஓடியே போயிற்று.

காலையில் உள்ளங்கையில் பொத்தியபோது முள் ஏன் ஒழுங்காகத் திரும்பியது, வெள்ளிக்கிழமைகளில் நான் கையில் எடுத்துப் பார்த்த பிறகு ஏன் பிடித்தது என்பதெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கைச் சூடு.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

அந்தப் பூச்சு ஒரு படிகம். சுத்தமான படிகமாக இருந்தால் வெளிச்சத்தை அவ்வளவாக உணராது. அதனால் செய்கிறவர்கள் வேண்டுமென்றே வேறு பொருளைத் துளியிலும் துளி கலக்கிறார்கள். கலந்ததால்தான் அதற்குப் பார்வையே வருகிறது. ஆனால் அப்படிக் கலந்த பொருள், உள்ளே சின்னச் சின்னப் பள்ளங்களையும் உண்டாக்கிவிடுகிறது. வெளிச்சம் பட்டால் மின்சாரத் துணுக்குகள் கிளம்பி ஓடும். ஓடுகிறதில் சில பள்ளத்தில் விழும். வெளிச்சம் போன பிறகு, பள்ளத்தில் கிடந்தவை ஒவ்வொன்றாக ஏறி வந்து ஓடும். அந்த ஓட்டம் அடங்குகிற வரைக்கும் கண் வெளிச்சம் இருப்பதாகவே சொல்லும்.

"ஆழமான பள்ளம்னா ஏறி வர்றது கஷ்டம். இது ஆழமில்லாத பள்ளம். கொஞ்சம் சூடு குடுத்தாப் போதும், சட்டுன்னு ஏறி வந்துடும். குளிர்ல ஏறாம அங்கேயே சொணங்கிக் கெடக்கும்" என்றார்.

அக்கா தலையாட்டினார். "பனிக் காலத்துல காலையில வேலைப் பெரட்டுக்குக் கூப்பிட்டா நம்ம ஆளுங்க வர்ற மாதிரிங்க. கம்பளிக்குள்ள இருந்து ஒண்ணு ஒண்ணா வருவாங்க. ஒரு பிளேன்டீ குடுத்தா எல்லாரும் எந்திரிச்சிடுவாங்க."

ஐயா அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "இத நான் படிச்சப்ப இப்படி யாரும் சொல்லல. சொல்லியிருந்தா அப்பவே புரிஞ்சிருக்கும்" என்றார். பிறகு சொன்னார், "படிச்சதோட சரிம்மா. கண்ணால பாக்கிறது இன்னிக்குத்தான்." துணிப்பையிலிருந்து வேறொரு கண்ணை எடுத்து அதையும் மீட்டரில் வைத்துக் காட்டினார். அது சூடத்தை மறைத்ததும் உடனே மறந்தது. எங்களுக்கு வந்தது மட்டமான கண். அதில் பள்ளம் அதிகம். பழைய கண் நல்லது. அதனால்தான் சின்னையா அண்ணன் காட்டியபோது தொல்லை வரவில்லை. கண்ணும் ஆளும் ஒரே வாரத்தில் மாறினார்கள். எல்லாரும் ஆளைத்தான் பார்த்தார்கள்.

"இந்தம்மா ஒழுங்காக் காட்டினாங்க. அதான் எரியல. மாடசாமி வாசல்லயே நின்னு ஏமாத்தினாரு. அதான் எரிஞ்சிச்சு" என்று முடித்தார் ஐயா.

"ஏமாத்தலீங்க" என்றார் மாடசாமி அண்ணன். "பயம்ங்க."

பையில் இருந்த அந்த நல்ல கண் வேறொரு தோட்டத்துக்குப் போக வேண்டியது. எங்களுக்கு ஒன்று வரும் வரையில் மூடியை வைத்துச் சமாளியுங்கள் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார். அக்கா சந்தி வரைக்கும் கூடப் போனார். முழங்கால் வலியோடு ஏன் என்று நான் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை தட்டு அக்கா கையில்தான் இருந்தது. காலையில் தட்டில் ஒரு புதுச் சூடப் பாக்கெட் கிடந்தது. யார் வைத்தது என்று அக்கா கேட்கவில்லை. மாடியிலிருந்து மாடசாமி அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அன்றும் ஒரு கூத்து நடந்தது. பூசை நன்றாக முடிந்தது. பர்னரை மூடி முடுக்கினோம். பிடித்தது. உடனே அணைந்தது. திரும்பவும் அப்படியே. பார்த்தால், கண்மேல் வைத்த மூடியை யாரும் எடுக்கவில்லை. உள்ளே நெருப்பு எரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை, பெட்டி எண்ணெயை நிறுத்திவிட்டது. அதற்கும் ஒரு வழி செய்தேன். ஒரு கம்பியை எடுத்து ஒரு முனையை மூடியில் கட்டினேன். மறுமுனையைச் சூடத் தட்டில் கொக்கியாக மாட்டினேன். தட்டை எடுத்துக்கொண்டு யாரும் நகர முடியாது, மூடியும் கூடவே வந்துவிடும். நான் செய்த வேலைகளில் எனக்குப் பிடித்தது அதுதான். பெரிய வேலை இல்லை. ஆனால் ஒரு நாளும் பிசகவில்லை.

பிறகு நல்ல கண் வந்தது. மூடி தேவையில்லை. அக்காவிடம் சொன்னேன்.

"இருக்கட்டும் தம்பி. மூடி வந்த பொறகுதான் எனக்கு நிம்மதி வந்துச்சு" என்றார்.

கண் மூடியிருப்பதால் பொட்டை மூடியின்மேல் வைக்கத் தொடங்கினார். வெள்ளிக்கு வெள்ளி சந்தனம் ஏறியது. நான் ஓய்வுபெற்றேன், அவரும் ஓய்வுபெற்றார். அவருக்குப் பிறகு வந்தவர்களும் மூடி வைத்துத்தான் சூடம் காட்டினார்களாம். ஏன் என்று கேட்டால் திருஷ்டிக்கு என்றார்களாம். போகட்டும். பர்னர் எரிந்ததா, அது போதும்.

ரமேஷ், இதுதான் அந்த மூடி.

எழுதி முடித்துக் கொடுக்கும் முன் இன்னொன்றும் நடந்தது. அதையும் சேர்க்கிறேன். பெக்டரிக்குத் தேயிலையிலிருந்து குச்சியைப் பொறுக்குகிற புது மெஷின் வந்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை அதற்குப் பூசை. பழைய ஆட்களையும் கூப்பிட்டார்கள். நானும் செல்லம்மா அக்காவும் போனோம். மாடசாமி அண்ணன் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறார். மற்றக் கையில் தட்டு. புளி போட்டு விளக்கிய தட்டு.

கமிட்டியில் யாரோ, "யாரு காட்டுறது?" என்று கேட்டார்கள்.

"செல்லம்மாதான். வேற யாரு?" என்று தட்டை அக்கா கையில் கொடுத்தார் மாடசாமி அண்ணன்.

அக்கா சூடத்தைக் கொளுத்தவில்லை. மெஷினை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி ரமேஷ், இதுக்குக் கண்ணு இருக்கா?"

"இருக்கு பாட்டி. உள்ள பூரா கேமராதான். அதுங்க பாத்துத்தான் குச்சியத் தனியாத் தள்ளும்."

"எத்தனை கண்ணு?"

"ஏகப்பட்டது பாட்டி. வரிசையா இருக்கு."

அக்கா தீப்பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"அப்ப ஒரு மூடி பத்தாதே" என்றார்.

மாடசாமி அண்ணன் தடியை ஊன்றிக்கொண்டு மூடி தேடிப் போனார்.